புதுப்பிப்பு: ப்ளஸ் ஒன்னிலேயே பன்மாறி நுண்கணிதம், என்ன ஆச்சு?

காரைக்குடியிலிருந்து ஆறு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்: ப்ளஸ் ஒன் முடிக்கும் முன்பே கல்லூரி அளவு பன்மாறி நுண்கணிதம் (ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகள் உள்ள கால்குலஸ்) படிக்கலாமா, எங்கே தொடங்குவது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பதில் போட்ட தேவகோட்டை அக்கா ஒருவர் சொன்ன வழி. நேரே வீடியோவுக்குப் போகாமல், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதத்தையும் பகுதி வகைக்கெழுக்களையும் முதலில் முடித்தேன். பிறகுதான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இணையப் பாடத்தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் பேராசிரியர் டெனிஸ் ஓரூவின் (Denis Auroux) 2007 விரிவுரைகள். மொத்தம் 35, இப்போது கிரீன் தேற்றத்தில் நிற்கிறேன். இலவசம்தான், ஆனால் கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கிரெடிட் எதுவும் கிடைக்காது.

எதிர்பாராமல் மாட்டியது, பரப்பு காண உதவும் இரட்டைத் தொகையிடலில். துருவ ஆயங்களில் (நடுவிலிருந்து தூரம் r, கோணம் θ என்று புள்ளியைக் குறிக்கும் முறை) சிறு பரப்பை r dr dθ என்று எழுதணும். நான் அந்த r-ஐ விட்டுவிட்டேன். ஆரம் 2 உள்ள வட்டத்துக்குப் பரப்பு 4π என்று சரியாகவே வந்தது! ஆரம் 3 போட்டதும் 9π வரவேண்டிய இடத்தில் 6π. ஆரம் 2-க்கு மட்டும் தப்பும் சரியும் ஒன்றாகிவிடும், பாவி.

அப்பத்தாவின் கோலமாவை எடுத்து வீட்டு வளவு முற்றத்துத் தரையில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, நடுவிலிருந்து கோடுகள் இழுத்தேன். ஒரே கோணம், ஒரே இடைவெளி, ஆனாலும் வெளிக்கட்டம் உள்கட்டத்தைவிடப் பெரிசு. அந்த வித்தியாசம்தான் r. பிறகு அந்த ஆத்தங்குடிக் கல் தரையைத் துடைத்தது நான்தான்.

பதில்களில் வந்த 'பள்ளிப் பாடம் வேண்டாம், நேரே குதி' என்ற யோசனை எனக்குச் சரிவரவில்லை. புத்தகத்துக்குப் போகும் முன் அப்படியும் முயன்று பார்த்து, இரண்டாவது விரிவுரையிலேயே முழித்தேன்.