மாசிப் பட்டம் தவறினால் எள் விதைக்கலாமா?

கேள்வி (வெண்ணாற்றங்கரை):
சம்பா அறுவடை மாசி 2வது வாரம்தான் முடிகிறது. களி கலந்த வண்டல் நிலம். ஈரம் இழுத்து உழவு ஓட்டி விதைக்க மார்ச் 12 ஆகிவிடும். ஆற்றுத் தண்ணீர் நின்றுவிட்டது, போர் தண்ணீர் உண்டு. கையில் டி.எம்.வி. 3 விதை இருக்கிறது. இவ்வளவு தள்ளி விதைத்தால் வளர்ச்சியும் மகசூலும் எப்படி அடிபடும்? ஜூனில் குறுவைக்கு வயல் காலியாக வேண்டும்.

மேலக்கரை:
எள் இலைக்கணுவுக்குக் கணு பூத்துக் காய்க்கிற பயிர். கணு குறைந்தால் காய் குறையும், அவ்வளவுதான் கணக்கு. மாசி முதல் பாதியில் விதைத்தது இதமான சூட்டில் நிதானமாக வளர்ந்து, நல்ல உயரமும் கிளையும் எடுத்த பிறகு பூக்கும். பங்குனி விதைப்பு சூட்டுக்கு விரசாக ஓடி, உடம்பு கட்டுவதற்குள் பூவெடுத்துவிடும். கிளை ஒன்றிரண்டோடு நின்றுபோகும். அதற்காகத் தையிலேயே முந்துவதும் சரியில்லை. இரவுக் குளிரில் முளைப்பு இழுக்கும், செடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தது போல் அப்படியே நிற்கும்.

உங்கள் தேதிக்கு ஏப்ரல் நடுவில் பூ வரும். காய் முற்றுவது அக்கினி நட்சத்திரத்தில். பகல் வெயில் 40 டிகிரியை நெருங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், நுனிக் காய்களில் பதர் விழும். தத்துப்பூச்சியும் அப்போதுதான் பெருகும். அது பரப்புவதுதான் பூவிலை நோய். பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து கண்டால் அந்தச் செடி இனிக் காய்க்காது, பிடுங்கி எரித்துவிடுங்கள்.

கடைமடை:
விதைக்கலாம், ஆனால் ரகத்தை மாற்றுங்கள். டி.எம்.வி. 3க்கு 80–85 நாள்; ஜூன் பிறந்துவிடும். வி.ஆர்.ஐ. 1 என்றால் 70–75 நாளில், மே 20–25 வாக்கில் அறுக்கலாம்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து, நாலு பங்கு மணலோடு தூவுங்கள். விதை 3 செ.மீ.க்குக் கீழே போனால் முளை மேலே வராது. அதனால் கட்டி உடைத்துப் புழுதியாக்குவதில் சோம்பல் கூடாது. மாங்கனீசு சல்பேட் 2 கிலோவை மணலில் கலந்து மேலாக இடுங்கள். 15ஆம் நாள் 15 செ.மீ. இடைவெளிக்குச் செடி கலைப்போம், அதாவது நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிவிடுவோம். 30ஆம் நாள் மறுபடி கலைத்து 30 செ.மீ. ஆக்குவது பட்டத்தில் விதைத்த பயிருக்கு. கிளைக்காத பங்குனிப் பயிருக்கு 20 செ.மீ. போதும், விட்டுப்போன கிளைகளைச் செடி எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டும். கலைக்காமல் விட்டால் குச்சியாக உயர்ந்து சாயும்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி. தண்ணீர் எத்தனை முறை? கோடை மழைக்குத்தான் பயமாக இருக்கிறது.

கடைமடை:
விதைத்ததும், 7ஆம் நாள், 25ஆம் நாள், பூக்கும்போது, காய் பிடிக்கும்போது ஒன்று அல்லது இரண்டு. 65ஆம் நாளுக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். களி நிலத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி துவண்டுவிடும், வடிகால் வாய்க்காலை விதைக்கும்போதே எடுங்கள்.

மழையைவிடத் தாமத அறுவடைதான் ஆபத்து. அடியிலிருந்து 10வது காயைப் பிளந்து பாருங்கள். விதை நிறம் ஏறியிருந்தால் மறுநாளே அறுங்கள். அடிக் காய் வெடித்தால் விதை மண்ணுக்குத்தான். நுனி உள்ளேயும் அடி வெளியேயும் இருக்க வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடி 3 நாள் வைத்தால் இலை கழன்றுவிடும். பிறகு வெயிலில் காயவைத்து உலுக்குங்கள்; முக்கால் பங்கு விதை முதல் நாளே உதிரும், மீதிக்கு இன்னும் 2 நாள் காய வேண்டும்.