'பைபிராடக்ட் மெர்க்குரி': உடன்விளை பாதரசம் சரியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் தொகுப்புக்காக 'பைபிராடக்ட் மெர்க்குரி' (byproduct mercury), அதாவது வேறு உலோகம் எடுக்கும்போது கூடவே கிடைக்கும் பாதரசத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியது:

> 'பைபிராடக்ட் மெர்க்குரி' என்பதற்குப் 'பக்கவிளைவுப் பாதரசம்' போதும். சுரங்கக்காரர்களே வேண்டாத பொருள் என்றுதானே சொல்கிறார்கள்?

போதாது ஐயா. பக்கவிளைவு என்றதும் மருந்து சாப்பிட்டவருக்கு வரும் தொல்லைதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு, குடுவையில் அடைத்து எடைபோட்டு விற்கக்கூடிய ஓர் உலோகத்தைப் பற்றியது.

துத்தநாகம், ஈயம், செம்பு, தங்கம் எடுக்கும் தாதுக்கள் சிலவற்றில் பாதரசம் சிறிதளவு கலந்திருக்கும். அதன் கொதிநிலை சுமார் 357 டிகிரி செல்சியஸ். வறுக்கும் உலையின் சூடு அதைத் தாண்டிவிடுவதால் ஆவியாகிப் புகையோடு போய்விடும். தடுத்துப் பிடித்தால்தான் கைக்கு வரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, இந்த உருக்காலைகளின் புகையில் போகும் பாதரசத்தைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. விதி கறாராக ஆக, பிடிபடும் பாதரசமும் கூடும். அப்புறம் அதை எங்கே வைப்பது? சுரங்கத் துறை கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானதே. 2013 முதல் அமெரிக்கா பாதரச ஏற்றுமதியைத் தடை செய்ததும், அந்நாட்டின் நெவாடா மாநிலத் தங்கச் சுரங்கங்களில் பிடித்த பாதரசத்துக்கு வெளிநாட்டுச் சந்தை அடைபட்டது.

பெரிய நிறுவனங்களின் கூட்டமைப்பான பன்னாட்டுச் சுரங்க, உலோக மன்றம் 2009லேயே, பாதரசத்துக்காக மட்டும் சுரங்கம் திறக்க மாட்டோம் என்று அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் உலையில் பிடிபடுவது அந்த வாக்குறுதிக்குள் வராது. உடன்படிக்கையும் இதே கோட்டில்தான் நடக்கிறது: பாதரசச் சுரங்கத்தில் தோண்டியதை, பாதரசம் கொண்டு பொன்னைப் பிரித்தெடுக்கும் சிறு தங்கச் சுரங்கங்களுக்குக் கொடுக்க 3ஆம் பிரிவு இடம் தரவில்லை, பிற தாதுக்களோடு வந்ததற்கு அந்தத் தடை இல்லை. 2015இல் மனிதர் காற்றில் விட்ட பாதரசத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு அந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஆகவே இது சரக்கு என்பதைக் கலைச்சொல் மறைக்கக் கூடாது.

என் பரிந்துரை: உடன்விளை பாதரசம். எதிர்ச்சொல்லாக, பாதரசத்துக்காகவே தோண்டி எடுத்ததற்கு முதன்மைச் சுரங்கப் பாதரசம்.

—

வணக்கம் ஐயா,

'உடன்விளை' எனக்குச் சம்மதம். ஒரே தயக்கம், தாதுவுக்குள் இருப்பதையும் புகையில் போவதையும்கூட இந்தச் சொல்லால் குறிக்கலாமா? கூடாது என்பேன். 'உடன்வரு பாதரசம்' என்று வைத்தால் மூன்றும் குழம்பிவிடும். 'விளை' இருப்பதே நல்லது. தாதுவில் உள்ளதைத் 'தாதுப் பாதரசம்' என்றும், புகையில் போவதைப் 'பாதரச உமிழ்வு' என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

தொகுப்பில் இப்படிச் சேர்க்கலாமா?

உடன்விளை பாதரசம்: வேறு உலோகத்துக்காகத் தாதுவைப் பதப்படுத்தும்போது பிரித்துப் பிடிக்கப்படும் பாதரசம், விற்பனைக்கோ சேமிப்புக்கோ போகும் நிலையில் உள்ளது.