டிரெஸ்ஸாஜ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டிரெஸ்ஸாஜுக்கு, அதாவது குதிரையைப் பழக்கி நுணுக்கமான அசைவுகளைச் செய்ய வைக்கும் குதிரையேற்றக் கலைக்கு, நம் சொற்பட்டியலுக்காக இதுவரை குதிரை அலங்காரம், குதிரை நடனம், அரசப் புரவியாட்டம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அலங்காரம் வேண்டாம். பிரெஞ்சு மூலத்துக்குப் பழக்குதல், பயிற்றுதல் என்றுதான் பொருள். ஆங்கில 'டிரெஸ்'ஸை நினைத்துக்கொண்டு குதிரைக்குச் சட்டை தைக்க வேண்டியதில்லை.

'அரச' என்ற அடைமொழியும் நிற்காது. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் சொத்தாக இருந்தது. 1918இல் முடியாட்சி விழுந்தது, பள்ளி குடியரசின் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், பேரரசரின் விருந்தினர்கள் பார்த்த அதே வித்தையைச் சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. வீரர்கள் மட்டும் இன்றும் உள்ளே நுழைந்ததும் பேரரசர் ஆறாம் சார்லஸின் ஓவியத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார்கள். அரசர் போய்விட்டார், சடங்கு போகவில்லை. இன்னொரு பக்கம் இதே கலை ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவும் இருக்கிறது. அந்தப் பள்ளியில் பயின்ற அலோய்ஸ் போதாய்ஸ்கி 1936 பெர்லினில் வெண்கலம் வாங்கினார். மண்டபம், மைதானம் இரண்டுக்கும் பொருந்துகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

'நடனம்' என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் சபலம். ஆனால் நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் ஆடும் குதிரைக்கு மேளம் உண்டு, பக்கத்திலேயே ஆட்டுவிப்பவர் உண்டு. டிரெஸ்ஸாஜில் கட்டளை வெளியே தெரியவே கூடாது. உட்காரும் பாரம், காலின் அழுத்தம், கடிவாளத்தின் லேசான இழுப்பு, இவ்வளவுதான் பேச்சு. 1932 லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வீடனின் பெர்டில் சாண்ட்ஸ்ட்ரோம் வெள்ளி வாங்க வேண்டியவர். நாக்கைச் சொடுக்கிக் குதிரையை ஊக்கினார் என்று கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சேணம் கிறீச்சிட்ட சத்தம் அது என்றார் அவர். எடுபடவில்லை!

என் பரிந்துரை: பரிக்கதி. குதிரை நடைக்கு நிகண்டுகள் ஐந்து கதி சொல்கின்றன. தாளத்திலும் கதி இருக்கிறது. பியாஃப் என்ற அசைவில் குதிரை முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் கால் மாற்றும். அங்கே 'ஓட்டம்', 'நடை' இரண்டும் உதவாது, 'கதி' உட்கார்ந்துவிடுகிறது. 'சாரி'யும் பழைய சொல்தான். ஆனால் வர்ணனையாளர் "அருமையான சாரி" என்றால் கேட்பவர் எதற்கு மன்னிப்பு என்று முழிப்பார்.

---

ஐயா, வணக்கம்.

காரணம் எல்லாம் சரி. ஆனால் அச்சில் ஒரு இகரம் நழுவினால் 'பரக்கதி' ஆகிவிடும். போட்டியாளர் பரகதி அடைந்தார் என்று படிப்பார்கள். அப்புறம் இன்னொன்று. வியன்னாவில் குதிரை பின்கால்களில் தாழ்ந்து முன்கால்களைத் தூக்கி அப்படியே நிற்குமே, லெவாட், அதில் ஏது கதி? காலே மாறவில்லையே.

---

பரகதியை நான் யோசிக்கவில்லை, சிரித்துவிட்டேன். இடையில் 'க்' இருப்பதால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். பயமாக இருந்தால் 'குதிரைக்கதி' என்றே எழுதுங்கள், நீளம் பெரிதல்ல.

லெவாட் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் லெவாட்டும், துள்ளி எழுந்து காற்றிலேயே பின்கால்களை உதைக்கும் கேப்ரியோலும் ஒலிம்பிக் போட்டியில் கிடையாது. அவை வியன்னாப் பள்ளி போன்ற இடங்களின் தனிச் சொத்து. அவற்றுக்கு 'எழுகதி' என்று ஒரு உட்பிரிவு வைக்கலாம். நிற்பதைக் கதி என்பதா என்று நீங்கள் திரும்பக் கேட்பீர்கள். இசையில் நாம் கார்வையையும், அதாவது அடி விழாத இடைவெளியையும், எண்ணித்தானே தாளம் போடுகிறோம்?

பட்டியலில் இப்போதைக்கு 'பரிக்கதி (பரிசீலனையில்)' என்று போட்டு வைக்கிறேன்.