மறு: "குறுக்கு எதிர்வினை" வேண்டாம், சரி, வேறு என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

> பசும்பால் புரதத்துக்கு எதிராக உண்டாகும் பிறபொருளெதிரி (antibody, அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதம்), உடலின் சொந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்வதைக் "குறுக்கு எதிர்வினை" (cross-reaction) என்கிறார்கள். நல்ல சொல் உண்டா?

குறுக்கு என்றதும் எனக்குக் குறுக்குவழியும் குறுக்குப்புத்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே எதுவும் எதன் குறுக்கேயும் போகவில்லை. ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொள்வதுதான் நடக்கிறது.

நேற்று ஒருவர் "மூலக்கூற்றுப் போலி" (molecular mimicry) என்றார். 1964இல் ரேமண்ட் டேமியன் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தபோது ஒட்டுண்ணிகளைப் பற்றித்தான் பேசினார். தான் தங்கிய உடலைப் போலவே தோன்றினால் ஒட்டுண்ணி பிடிபடாமல் தப்பலாம். அதற்குப் போலி பொருந்தும். பாலுக்கு என்ன வேஷம்? பால் கொழுப்புத் துளியைச் சுற்றியுள்ள சவ்வில் பியூட்டிரோஃபிலின் என்ற புரதம் இருக்கிறது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையில் இருக்கும் எம்ஓஜி (MOG) என்ற புரதமும் அதுவும் ஒரே புரதக் குடும்பம். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் மூக்கு ஒன்றுபோல் இருந்தால் அவன் என் போலியா? சாயல் என்போம். உறவே இல்லாதவரிடமும் சாயல் தெரியும். பசும்பாலிலும் இருக்கும் மாட்டு இரத்தப் புரதமான சீரம் ஆல்புமினில் 17 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டுக்கும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலுள்ள ஒரு புரதத்துக்கும் இருப்பதாகச் சொல்லப்பட்டது அப்படிப்பட்ட ஒற்றுமை.

ஆகவே ஒற்றுமைக்கு "மூலக்கூற்றுச் சாயல்", அதனால் விளையும் பிணைப்புக்குச் "சாயல்வினை" என்பது என் முன்மொழிவு.

"சாயல் தாக்குதல்" என்று சிலர் கேட்கக்கூடும். அதைக் கடுமையாக மறுப்பேன், ஏனென்றால் அந்தச் சொல் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 1992இல் வெளியான பின்லாந்து ஆய்வில், முதல் வகை நீரிழிவு (பீட்டா செல்கள் அழிவதால் வருவது) புதிதாகக் கண்டறியப்பட்ட 142 குழந்தைகளின் இரத்தத்தில் அந்த மாட்டு ஆல்புமினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருந்தன. பெரிய பரபரப்பு. அப்புறம் 15 நாடுகளில், மரபுவழி ஆபத்துள்ள 2159 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குப் புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்த பால்மாவு, மறுபாதிக்கு வழக்கமான பால்மாவு. 2018இல் வந்த முடிவில் நீரிழிவு முறையே 8.4, 7.6 விழுக்காடு. உடைத்த மாவால் பயனில்லை. பியூட்டிரோஃபிலின் கதை இன்னும் வேடிக்கை: எலிகளில் அது நரம்பு மண்டலத்தில் அழற்சியையும் கிளப்பியது, வேறு விதமாகக் கொடுத்தபோது எம்ஓஜியைச் செலுத்தி உண்டாக்கும் நரம்பு நோயை அடக்கவும் செய்தது. அடக்குவதையும் தாக்குதல் என்பீர்களா?

---

> "சாயல்வினை" என்பது என் முன்மொழிவு.

"சாயல் மயக்கம்" எப்படி? வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் எல்லாம் நம் இலக்கணத்தில் இருப்பவைதானே. "சாயல் மாறாட்டம்" என்றும் யோசித்தேன், ஆனால் புணர்ச்சி விதிப்படி "சாயன்மாறாட்டம்" ஆகிவிடும். வேண்டாம்.

---

மயக்கம் அழகான சொல். ஆனால் மருத்துவக் கட்டுரையில் "பால் புரதத்தால் சாயல் மயக்கம்" என்று படித்தால், குழந்தை தலைசுற்றி விழுந்துவிடும் என்று தாய் பயப்படுவாள். வினையே இருக்கட்டும்.

வேறொரு சிக்கல் இருக்கிறது. எல்லோரும், நான் உட்பட, "பிறபொருளெதிரி" என்றே எழுதுகிறோம். பிறபொருளுக்கு எதிரி. தன் உடலையே பற்றும்போது அது "தன் பிறபொருளெதிரி" ஆகிறது, சொல்லே தன்னோடு சண்டை போடுகிறது. "எதிர்ப்பொருள்" என்றால் "தன்னெதிர்ப்பொருள்" எளிதாகக் கிடைக்கும். இயற்பியலிலும் எதிர்ப்பொருள் (antimatter) புழங்குகிறது, தெரியும். ஒரே பத்தியில் இரண்டும் வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை வாக்கியம்: "பியூட்டிரோஃபிலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் சில எம்ஓஜியுடன் சாயல்வினை காட்டின, அதனாலேயே நோய் வந்ததாகக் கொள்ள முடியாது." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?