மறு: கலைச்சொல் – படம் வரையச் சொன்னவரை எப்படி அழைப்பது?

நண்பர்களே,

> 'புரவலர்' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

புரவலர் நல்ல சொல்தான். ஆனால் இத்தாலியப் போர் ஓவியங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இடிக்கிறது. புரவலர் கலைஞரைப் பேணுபவர். இத்தாலியர் 'கொம்மித்தெந்தே' என்பது குறிப்பிட்ட ஒரு படத்தை வரையச் சொன்னவரை.

15ஆம் நூற்றாண்டு ஓவியர் உச்செல்லோவின் 'சான் ரொமானோ போர்' இருக்கிறதே, மூன்று பெரிய மரப்பலகை ஓவியங்கள். 1432இல் ஃபிளாரன்ஸும் சியனாவும் மோதிய சண்டை. முறிந்து விழுந்த ஈட்டிகள்கூட அளவுகோல் வைத்து அடுக்கியதுபோல் கிடக்கும். 1492இல் ஃபிளாரன்ஸை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்தின் தலைவர் லொரென்சோ தெ மெடிச்சி இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் இவை அவர் அறையில் இருந்ததால், மெடிச்சிகளுக்காகவே வரைந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் வரையச் சொன்னவர் லியொனார்தோ பார்தொலினி சலிம்பெனி. அவர் மகன்களில் ஒருவர் தன் பங்கை லொரென்சோவுக்குக் கொடுத்துவிட்டார், இன்னொரு மகன் தாமியானோ மறுத்தார். லொரென்சோ தச்சரை அனுப்பிக் கழற்றிக்கொண்டு போனார்! மெடிச்சிகளைத் துரத்தியபிறகு, 1495இல், தாமியானோ முறையிட்டார். இந்தக் கதையில் லொரென்சோவையும் 'புரவலர்' என்றே எழுதினால் வாசகருக்கு என்ன புரியும்?

முன்பு ஒருவர் சொன்ன 'பணிப்பாளர்' வேண்டாம், இலங்கையில் அது இயக்குநர். 'வாடிக்கையாளர்' என்றால் மளிகைக்கடை நினைவுதான் வரும்.

என் முன்மொழிவு: வரைவித்தவர். இந்தப் பிறவினை நமக்குப் பழக்கமானதுதான். தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' (நாம் கட்டுவித்த கற்கோயில்) என்கிறான். ஆளாக இல்லாவிட்டாலும் சொல் வளையும்: லியொனார்தோ தா வின்சியைக் கொண்டு அங்கியாரிப் போரை 'வரைவித்தது' ஃபிளாரன்ஸ் குடியரசு.

அரசவைக்கும் பொருந்துகிறது. 1570களின் இறுதியில் இத்தாலியின் மாந்துவாவை ஆண்ட குலியெல்மோ கொன்சாகா தன் குலப்பெருமையை வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோவிடம் எட்டுப் படங்களாக வரைவித்தார். அதில் ஒன்று, அவர் தாத்தா பிரான்செஸ்கோ தலைமையில் இத்தாலியப் படை பிரெஞ்சுப் படையை வழிமறித்த 1495 ஃபோர்னோவோ போர். பிரெஞ்சுப் படை வழியை உடைத்துக்கொண்டு வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அரண்மனைச் சுவரிலோ தாத்தா பிரான்செஸ்கோ வென்றுவிட்டார். அந்த வெற்றிக்குப் பொறுப்பு ஓவியரைவிட வரைவித்தவருக்கே அதிகம்.

ஒரு சிக்கல் பாக்கி. சல்வத்தோர் ரோசா போன்ற ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டில் எந்தப் போர், யார் தளபதி என்றே தெரியாத சண்டைக் காட்சிகளையும் வரைந்தார்கள். ஒருவர் கேட்டு வரைந்ததா, வரைந்தபின் விற்றதா என்று தெரியாதபோது 'வாங்கியவர்' என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

அப்புறம், சிற்பத்துக்கு என்ன செய்வது? தனியாகச் 'செய்வித்தவர்' வைத்துக்கொள்வோமா, இல்லை ஓவியம், சிற்பம் இரண்டுக்கும் 'செய்வித்தவர்' ஒன்றே போதுமா?