காயமும் வன்முறையும்: எதை முதலில் ஆராய வேண்டும்? திருகோணமலைக்காரர் கண்டதை எழுதுங்கள்

உப்புவெளிப் பிள்ளை:
சுகாதார ஆய்வுகளுக்குக் களத்தில் உதவி செய்கிறேன். அடுத்து எதை ஆராயலாம் என்று சனத்திடமே கேட்க ஒரு கூட்டம் வைத்தோம். வீதி விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், பூச்சிமருந்து குடித்தல், வீட்டு வன்முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. எது பெரிய பிரச்சினையோ அந்தப் படத்தில் வையுங்கள் என்றதும் வீதி விபத்தில் குவிந்துவிட்டது. நிலாவெளி வீதியில் இரவு கட்டாக்காலி மாட்டில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் அடிக்காத குடும்பம் இருக்கா என்று ஒரு ஐயா கேட்டார், நியாயம்தான். வீட்டு வன்முறைப் படத்தில் ஒரு கொட்டைகூட இல்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. படங்களை உள் அறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மூடிய பால்மா டின் வைத்து, பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினோம். திறந்து பார்த்தால் வீட்டு வன்முறை டின் வீதி விபத்து டின்னுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிறைந்திருந்தது! துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையிடமிருந்தே அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார் என்று 2019இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பும் சொல்கிறது. வார்டில் "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லிப் படுத்திருக்கிறவர் பதிவில் விழுந்தவராகத்தானே போவார்? பதிவுப் புத்தகத்தை மட்டும் பார்த்து வரிசை போட்டால் இவர்கள் வரவே மாட்டார்கள்.

கிண்ணியாக் கரையான்:
2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் பாதை (தண்ணீரைக் கடக்க ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு) கவிழ்ந்ததை யாரும் மறக்க ஏலாது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள். சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது தண்ணீரில் புத்தகப் பைகள் மிதந்தன, கரையில் நின்றவர்கள் உடுத்த உடுப்போடு குதித்துத்தான் பலரை இழுத்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் யார் குற்றவாளி என்ற பேச்சு. இருக்க வேண்டிய பேச்சுதான், ஆனால் அதற்கு முன் எத்தனை காலை அந்தப் பாதை சரிந்து நிமிர்ந்தது, எந்த நேரத்தில் நெரிசல், வாடைக்காற்று மாதங்களில் எத்தனை பிள்ளைகள் மிதவை அங்கி இல்லாமல் தண்ணீரைக் கடக்கிறார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் செத்தவர் கணக்கோடு தப்பியவர் கணக்கும் எடுக்க வேண்டும். கிணற்றிலும் குளத்திலும் தூக்கியெடுத்த சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கந்தளாய் வயற்காரன்:
பூச்சிமருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். அநுராதபுரத்துப் பக்கம் பெரியம்மா வீட்டில் மருந்துப் போத்தலைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். நான் போனபோது சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது, அவசரத்துக்குத் தேட ஏலாதாம். அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது: நஞ்சருந்துதல் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. அப்புறம் எது குறைத்தது? கடும் நச்சு மருந்துகளை நாட்டிலேயே தடை செய்தது. 1995 அளவில் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள், தடைகள் வர வர அது மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. பரகுவாட் என்ற களைகொல்லியை நிறுத்தியபோது அப்பாவுக்குச் சரியான கோபம், களைக்கு என்ன செய்வது என்று. பிறகு ஆராய்ந்து பார்த்ததில் தடைகளால் நெல் விளைச்சல் விழவில்லை. எங்கள் வயலும் விளைந்தது. ஆகவே நல்லது என்று எல்லோரும் நம்புகிற வழியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், காசு கொட்டுவதற்கு முன்பே.

உப்புவெளிப் பிள்ளை:
கரையான் சொன்ன தப்பியவர் கணக்கை எங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அடுத்த கூட்டம் மூதூரில், இந்த முறை தொடக்கத்திலிருந்தே மூடிய டின்தான். தண்ணீரிலோ வீதியிலோ மயிரிழையில் தப்பியதைக் கண்டவர்கள் இடம், நேரம், வயது மட்டும் போட்டு இங்கே எழுதுங்கள், பெயர் வேண்டாம்.