மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய பின் பசியும் உறக்கமும் குறைந்துவிட்டன: மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எட்டு வயதுச் சிறுவனின் தாய்

என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள கோளாறு) இருப்பதைக் குழந்தை மனநல மருத்துவர் உறுதிசெய்து, மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். 5 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது காலையில் ஒன்றும் நண்பகலில் ஒன்றுமாக 10 மில்லிகிராம் மாத்திரைகள் கொடுக்க வேண்டும். பள்ளியில் மாத்திரை கொடுக்க ஆள் இல்லாததால், இரண்டாவதை மாலை ஐந்தரைக்கு, ட்யூஷனுக்கு முன் நானே கொடுக்கிறேன். ஆறு வாரங்களில் அவன் கையெழுத்து வரிக்குள் நின்றுவிட்டது. டைரியில் ஆசிரியையின் புகார்கள் வருவதில்லை. ஆனால் மதிய உணவு டப்பா அப்படியே திரும்பி வருகிறது, எடை ஒரு கிலோ குறைந்துவிட்டது, இரவு பதினொன்று வரை உறங்குவதில்லை. குழந்தைக்குப் போதை மருந்து கொடுக்கிறேன் என்று என் மாமியார் கலங்குகிறார். நீட் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளோ, கண்விழித்துப் படிக்க இரண்டு மாத்திரைகள் கேட்கிறாள்.

பதில்: ஐந்து ஆண்டுகளாக இதே மருந்து கொடுத்துவரும் தாய்

சகோதரி, எங்கள் வீட்டிலும் முதல் ஆண்டு இப்படித்தான் சென்றது. மாத்திரைக்கு முன்பே இட்லியும் முட்டையும் கொடுத்துவிடுவேன். மருந்தின் வேகம் தணிந்து பசி திரும்பும் மாலையில் முழு உணவு கொடுப்பேன். மதிய டப்பாவில் சிறிதளவே வைப்பேன். எடையையும் உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டினேன்.

பதில்: மருந்தாளுநர்

அம்மா, சாதாரண மெத்தில்ஃபெனிடேட் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். ஐந்தரைக்குக் கொடுத்தால் ஒன்பதரை வரை மூளை விழித்தே இருக்கும் என்பதால், உறக்கக் குறைவுக்கு நேர மாற்றமே காரணமாக இருக்கக்கூடும். காலையில் ஒருமுறை கொடுத்தால் போதுமான நீள்வெளியீட்டு மாத்திரை உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியாரின் அச்சத்தை நான் ஒதுக்க மாட்டேன். இம்மருந்து, மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதைத் தடுத்து அவற்றைக் கூட்டுகிறது. மாத்திரையைப் பொடித்து மூக்கால் உறிஞ்சுவோருக்கு அந்த ஏற்றம் திடீரென நிகழ்வதால் அடிமைத்தனம் உருவாகிறது; சொன்ன அளவில் விழுங்கும் குழந்தைக்கு அது மெதுவாகவே நிகழ்கிறது. வளர்ச்சியைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடத்தி 1999இல் வெளியான, ஏ.டி.எச்.டி. சிகிச்சை பற்றிய எம்.டி.ஏ. ஆய்வின் தொடர்ச்சியில், மூன்று ஆண்டுகள் மருந்து உண்டவர்களின் உயரம், உண்ணாதவர்களைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தது.

உங்கள் அக்கா மகளுக்கு ஒரு மாத்திரைகூடத் தராதீர்கள். 2023இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், நலமாயிருந்த 40 பேருக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்துச் சிக்கலான கணக்குகளைத் தீர்க்கச் சொன்னபோது, முயற்சி கூடியது, விடையின் தரமோ குறைந்தது. இது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால், பகிர்வது சட்டத்துக்கும் புறம்பானது.

ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் இதயநோயோ திடீர் மரணமோ நேர்ந்திருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

என் தம்பி 31 வயதில் உறக்கத்திலேயே இறந்துபோனான். மருத்துவர் கேட்டபோது, முதியவர்களின் மாரடைப்பைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பதில்: மருந்தாளுநர்

பதற்றம் வேண்டாம். 12 லட்சம் குழந்தைகளையும் இளையோரையும் ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், இம்மருந்துகளால் கடுமையான இதயப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆயினும் பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தையின் நிலை வேறு. அடுத்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரை அழைத்து, தம்பியின் மரணத்தைச் சொல்லுங்கள். இ.சி.ஜி. எடுப்பதையும் இதயநோய் நிபுணரைப் பார்ப்பதையும் அவர் முடிவு செய்வார். மயக்கம், நெஞ்சுவலி, ஓடும்போது மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

பேசிவிட்டேன். நாளை காலை இ.சி.ஜி.; அதுவரை மாத்திரை வேண்டாம் என்றார்.